மூன்றே முக்கால் அடி

எங்கள் வீட்டுக் கூடத்தில், பூஜை அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் போட்ட ஒரு கோடு இருக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையில் தண்ணீர் நின்ற உயரம் அது. தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி. அதற்கப்புறம் இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று. இரண்டு முறையும் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, சுவர் காய்ந்ததும் கோட்டைத் திரும்பப் போட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பேரப்பிள்ளையின் உயரத்தை அளந்த கோடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

வீடு சென்னை வேளச்சேரியில். 1998இல் வாங்கியபோது வாசலில் நான்கு படி ஏறி உள்ளே வரவேண்டும். இப்போது ஒன்றரைப் படிதான் வெளியே தெரிகிறது. வீடு இறங்கவில்லை, தெருதான் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக்கொட்டி வந்த வினை. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவே வந்தது. எங்கள் தெருவுக்கு அதற்குள் இரண்டரைப் படி போய்விட்டது. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார். செலவைக் கேட்டதும் எங்களுக்குத் தலை சுற்றியது. சரி, வீட்டைத் தூக்க முடியாது. வீட்டுக்குள் இருப்பதையாவது தூக்கி வைப்போம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு வரவே எங்களுக்கு ஒரு வெள்ளம் தேவைப்பட்டது.

2015 நவம்பரிலேயே ஒரு தடவை தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. அதனால் டிசம்பர் 1ஆம் தேதி மழை வலுத்தபோது, வந்தால் வாசல் வரை வரும், வடியும் என்று இருந்துவிட்டோம். தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் கொட்டியது 49 செ.மீ. என்பது பிற்பாடு தெரிந்த கணக்கு. டிவியில் இடைவிடாமல் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஏரியின் 24 அடியில் எத்தனை அடி நிரம்பியது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு அறியாமை இருந்தது. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போகிறது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அதைப் பார்க்க வேண்டியவை. எங்களுக்கு வரும் தண்ணீர் வேறு. வேளச்சேரி ஏரி நிரம்பி வழிவது வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரியும் அங்கேதான் வந்து சேர்கிறது. சதுப்பு நிலம் சுருங்கிச் சுருங்கிக் கட்டடமாகிவிட்டது. மீதியிருப்பதிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் சேரவேண்டும். கடல் பொங்கி நின்றால் வாங்கிக்கொள்ளாது. வாங்கிக்கொள்ளாத தண்ணீர் எங்கள் கூடத்தில் நிற்கும். உங்கள் தெருவுக்கு எந்த ஏரியின் தண்ணீர் வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று மழைக்கு முன்னால் விசாரித்து வையுங்கள். டிவி உங்கள் ஏரியைச் சொல்லாமலே போகலாம்.

அன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டுக்குக் குறுக்கே மணல் மூட்டை போட்டிருந்தோம். ஒன்பது மணி இருக்கும், பின்னாலிருந்து குளுக் குளுக் என்று சத்தம். பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலியிலிருந்து கருப்பாகக் கொப்பளித்து வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் கக்கூஸ் கோப்பை நிரம்பி வழிந்தது. வாசலில் மூட்டை போட்ட வீட்டுக்குள் வெள்ளம் கொல்லைப்பக்கமாக, அதுவும் சாக்கடையாக வந்தது. பாதாளச் சாக்கடை இருக்கும் ஊரில் தரைத்தளத்துக்குப் பெரும்பாலும் முதலில் வருவது இதுதான். தெருவில் நிற்கும் தண்ணீரின் கனம் குழாயில் எதிர்த்திசையில் தள்ளுகிறது. வாசல் காய்ந்திருக்கும்போதே பாத்ரூம் மூழ்கும்.

இப்போது எங்களிடம் ஏழெட்டுச் சின்ன மணல் பைகள் தயாராக இருக்கின்றன. தடிமனான பிளாஸ்டிக் கவரில் மணலைப் போட்டு, அதன் மேல் துணியைச் சுற்றிக் கட்டியவை. ஒவ்வொரு ஜாலிக்கும் ஒன்று, கக்கூஸ் கோப்பைக்குள் அடைக்க ஒன்று. கூடவே, பிளம்பரை வைத்து வீட்டுச் சேம்பருக்கும் (வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் தொட்டி) தெருக் குழாய்க்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டோம். உள்ளிருந்து வெளியே விடும், வெளியிலிருந்து உள்ளே விடாது. போட்ட முதல் மழையில் ஒரு பாடம் படித்தோம். வால்வு மூடிக்கொண்டால் நம் வீட்டு அழுக்கும் வெளியே போகாது. மாடியில் குடியிருந்தவர்கள் வழக்கம்போல ஃபிளஷ் பண்ணினார்கள். அது இறங்கி வந்து, போக வழியில்லாமல், எங்கள் பாத்ரூமில் எட்டிப் பார்த்தது! தெரு வெள்ளத்தைத் தடுத்துவிட்டு மாடி வெள்ளத்தில் நின்றோம். அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் ஓர் ஒப்பந்தம்: நாங்கள் போன் பண்ணி ‘மூடிவிட்டது’ என்று சொன்னால், மறுபடி சொல்லும் வரை மாடியில் யாரும் ஃபிளஷ் பண்ணக்கூடாது, வாளித் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. அவர்கள் வீட்டில் ஒரு மூடி போட்ட வாளி இதற்கென்றே இருக்கிறது. கேட்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் வேலை செய்கிறது. ஐப்பசி பிறக்குமுன் வால்வைக் கழற்றிக் கசடு எடுக்கவேண்டும். ஒரு துணி நூல் சிக்கினாலும் முழுக்க மூடாது.

மின்சாரத்தில் நாங்கள் செய்த தப்பை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்கும். தண்ணீர் உள்ளே வந்ததும் கணவர் சமர்த்தாகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லோரும் நிம்மதியாகக் கணுக்கால் தண்ணீரில் நடந்து சாமான்களைத் தூக்கினோம். கூடத்தில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. யாருக்கும் அது உறைக்கவில்லை. இன்வெர்ட்டர்! மெயினை அணைத்தவுடன் அது கரன்ட் போய்விட்டதாக எண்ணித் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. தரையோரத்து பிளக் பாயின்ட்டுக்கு முக்கால் அடி கீழே தண்ணீர். கவனித்தது அம்மாதான். ‘கரன்ட்டை நிறுத்திட்டேன்னியே, அப்புறம் லைட்டு எப்படிடா எரியுது?’ என்று மருமகனைக் கேட்டாள். சாதாரணமாக மாப்பிள்ளையை வாங்க, போங்க என்பவள், அன்று டா போட்டுவிட்டாள்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் இப்போது ஐந்தடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்டில் இருக்கின்றன. வரிசை இதுதான்: முதலில் இன்வெர்ட்டர், பிறகு மெயின். காய்ந்த தரையில், காலில் ரப்பர் செருப்போடு. தண்ணீரில் நின்றுகொண்டுதான் சுவிட்சைத் தொடமுடியும் என்கிற நிலை வந்துவிட்டால் தொடவே வேண்டாம்; வீட்டைவிட்டு வெளியே வந்து மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு, 94987 94987, போன் பண்ணி லைனையே நிறுத்தச் சொல்லவேண்டும். கீழே இருந்த பிளக் பாயின்ட்டுகளை எல்லாம் கோட்டுக்கு மேலே ஏற்றினோம். ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டோம், மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக விழுந்துவிடும் வகை. வெள்ளம் வராவிட்டாலும் அது வீட்டில் இருக்கவேண்டிய சாமான்.

கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டின் சட்டம். பீரோவின் கீழ்த்தட்டில் பழைய போர்வை மட்டும். பத்திரங்கள் பரணில். 2015இல் வீட்டுக் கிரயப் பத்திரம் கீழ்த்தட்டில்தான் இருந்தது. நான்காம் நாள் எடுத்தபோது அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, நிழலில் காற்றாட, ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவில் வெள்ளைத் தாள் வைத்துக் காயவைத்தேன். முத்திரை தப்பியது, பேனா மையில் போட்ட கையெழுத்துகள் நீலப் புகையாகிவிட்டன. கிரயப் பத்திரத்துக்காவது சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் போனவர்கள்தான் அலைந்தார்கள். அந்த டிசம்பரில் அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல்கள் கொடுத்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு ஓடையோரத்துக் குடிசை மொத்தமாகப் போயிருந்தது. மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்காக அவர் மூன்று நாள் வேலையை விட்டு வரிசையில் நின்றார். பணம் ஒன்றும் கேட்கவில்லை, மூன்று நாள் கூலிதான் போச்சு என்று சிரித்தார்.

ஃபிரிட்ஜ் மிதக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மிதந்தது, சாய்ந்தது, சமையலறைக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டது. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான், நிறைந்த சிலிண்டரே மிதக்கும். டியூபை இழுத்துக்கொண்டு ஆடும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டிவிடவேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஊறி, அந்தப் புளித்த வாடை பொங்கல் வரை வீட்டில் இருந்தது.

எப்போது கிளம்புவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று, சர்க்கரை, முழங்கால் வலி. ‘என் வீட்டைவிட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்’ என்று அன்று ராத்திரி பதினொரு மணி வரை சொன்னாள். பதினொன்றுக்கு மேல் அவள் வருகிறேன் என்றாலும் வழியில்லை. தெருவில் இடுப்பளவு. மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டில் எட்டுப் பேராக இரண்டு நாள். போன் இல்லை, கரன்ட் இல்லை. மூன்றாம் நாள் மீனவர்கள் படகு தெருவுக்குள் வந்தது. வேளச்சேரித் தெருவில் கடல் படகு!

இப்போது கிளம்பும் கணக்கு இது: வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், அதாவது 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்றால், மழை தொடங்குமுன்பே அம்மா பல்லாவரத்தில் மேட்டில் இருக்கும் சித்தி பெண் வீட்டுக்குப் போய்விடுவாள். மழை ஏமாற்றினால் ஏமாற்றட்டும், இரண்டு நாள் சித்தி பெண்ணோடு சீரியல் பார்த்துவிட்டு வருவாள். மூன்று முறை சும்மா போய்வந்தாள். நான்காம் முறை 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் ஒன்றரை அடி, நான்கு நாள் கரன்ட் இல்லை. அம்மா அங்கே நன்றாக இருந்தாள். இன்சுலின்தான் இன்னொரு கவலை. ஃபிரிட்ஜ் ஓடாத நாட்களில் ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ள டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். பதினைந்து நாள் மாத்திரை, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம் (2015இல் ஏ.டி.எம். எல்லாம் செத்துக் கிடந்தது, பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றார்கள்), டார்ச், பவர் பேங்க், மூக்குக் கண்ணாடி. பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஊரே சிரித்தது. அதில் ஒன்று எங்களுடையது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினைத் தொலைத்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்படி நின்ற வண்டியின் சாவியைத் தொடாமல் இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் வெள்ளத்துக்கு முன்னால். எங்களை உண்மையில் படுத்தியது வடிந்த பிறகுதான்.

நான்காம் நாள் உள்ளே வந்தோம். ஒரு விரல் கனத்துக்குச் சேறு, கருப்பாக, எண்ணெய் மினுக்கோடு. நல்லவேளை, காயுமுன் தள்ளிவிடவேண்டும் என்று அக்கா சொன்னார். காய்ந்தால் சிமென்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளுமாம். தள்ளுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுக்கவேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. இன்சூரன்ஸ்காரர் வந்தபோது காட்டுவதற்குச் சுத்தமான வீடுதான் இருந்தது.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கை விடப் போன மகன் அலறினான். சாரைப்பாம்பு. அது அவனைவிடப் பயந்து போயிருந்தது. சாரையாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், அதே வாரம் தெருமுனை வீட்டில் ஷூவுக்குள் கட்டுவிரியன். வெள்ளம் வடிந்த வீட்டில் எதையும் முதலில் கோலால் தட்டிவிட்டுத்தான் தொடவேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு.

அடுத்த முட்டாள்தனம் என்னுடையது. தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று பச்சை மஞ்சளாகப் புகை. தொண்டையில் மிளகாய்ப் பொடி அடைத்ததுபோல இருந்தது. கண்ணைத் திறக்கமுடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அது குளோரின் வாயு. இரண்டும் நம் ஊரில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சாமான்கள். ஒன்றை உபயோகித்தால் மற்றதைத் தொடக்கூடாது. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டத்தைக் கொடுத்தது ஒரு சுவிட்ச். ஏழாம் நாள் கரன்ட் வந்தது. எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பாயின்ட்டையும் திறந்து பார்த்துச் சரி என்றபின்தான் மெயினைப் போட்டோம், அதுவரை ஒழுங்கு. போட்ட சந்தோஷத்தில் யாரோ (வீட்டில் இன்னும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை) பழக்கதோஷத்தில் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். மாடித் தொட்டியில் வெள்ளத்துக்கு முன்னால் நிரப்பிய நல்ல தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. கீழே சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) முழுக்கச் சாக்கடை கலந்த தண்ணீர். மோட்டார் நல்ல மோட்டார், வெள்ளத்தில் ஊறியும் ஓடியது. பத்து நிமிடத்தில் மேலே இருந்ததும் கெட்டது. இரண்டு வீட்டுக் குழாய்களும் கெட்டன.

அப்புறம் சம்பை இறைத்து, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் ராத்திரி ஊறவிட்டு, மறுபடி இறைத்து, மாடித் தொட்டிக்கும் அதையே செய்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த வாடை வரும் வரை திறந்துவிட்டு மூடி… பத்து நாள் ஆயிற்று. அதுவரை கேன் தண்ணீர், அதையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு. சம்ப் வாயை இப்போது கோடு அளவுக்கு உயர்த்திக் கட்டி, ரப்பர் வைத்த மூடி போட்டிருக்கிறோம். எச்சரிக்கை வந்தவுடன் மாடித் தொட்டியை வழிய வழிய நிரப்பிவிட்டு, மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.

கணவருக்குப் பதினோராம் நாள் காய்ச்சல். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. காலில் இருந்த சின்ன வெட்டுக்காயத்தோடு தண்ணீரில் நடந்திருந்தார். வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொன்னதால் எலிக்காய்ச்சல் என்று சீக்கிரம் பிடிபட்டது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு வீட்டில் கிடந்திருந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கும் என்றார். மிக்ஜாமின்போது எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் இருந்தது, கால் காயத்தோடு யாரும் இறங்கவில்லை.

சுவர்கள் காய ஐந்து மாதம். அவசரப்பட்டுப் பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த எதிர்வீட்டில் சித்திரையில் சுவரெல்லாம் கொப்புளம். பிளைவுட் கட்டில், அலமாரி எல்லாம் புட்டு மாதிரி உதிர்ந்தன. மெத்தைகளைத் தூக்கிப் போட்டோம். பாட்டியின் தேக்குக் கட்டில் மட்டும் கழுவித் துடைத்ததும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. அதில்தான் அம்மா இப்போதும் படுக்கிறாள்.

போன வாரம் பரணில் ஏறிப் பைகளைச் சரிபார்த்தேன். பத்திரப் பை இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள்பை, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கவர், வாய் ரப்பர் பேண்டால் கட்டியது. அக்காவுடையது. 2016 முதல் ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் கொண்டுவந்து கொடுப்பார், தை பிறந்ததும் வாங்கிக்கொண்டு போவார். ரேஷன் அட்டை, மார்க் ஷீட், இப்போது மகளின் நர்சிங் சான்றிதழும் சேர்ந்திருக்கிறது. இந்த வருடம் கொடுக்கும்போது பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘அது எத்தனை அடி உசரம்மா?’ என்று கேட்டார். ஏழடி என்றேன். கோட்டை ஒரு தடவை பார்த்தார். ‘சரி, வையுங்க’ என்றார்.